கால் வற்றியிருக்க முகம் வீங்கினால்

முகம் வீங்கியிருக்கிறது என்று யாராவது சொன்னால் நம் வீடுகளில் முதலில் வரும் அறிவுரை "உப்பைக் குறை" என்பதுதான். பல நேரம் அது சரியான அறிவுரையும்கூட. சிறுநீரகம் பழுதானாலும் இதயம் தளர்ந்தாலும் உடம்பில் உப்பும் நீரும் தேங்கி வீக்கம் வரும். மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய கூனிமேடு போன்ற கடலோர ஊர்களில் உப்பின் மேல் சந்தேகம் இன்னும் எளிதாகப் போகும். நாள் முழுக்க உப்புநீரில் நின்று வேலை செய்கிற உடம்பு வீங்கினால் வேறு எதை நினைப்பார்கள்?

ஆனால் உப்போடு தொடர்பே இல்லாத முகவீக்கம் ஒன்று இருக்கிறது. அது வந்தால் கால் வீங்காது. முகம், கழுத்து, கைகள், மேல்மார்பு என்று எல்லாம் இடுப்புக்கு மேலேதான். சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட முடியாமல் போகும். ரவிக்கையின் கை இறுக்கும். போன மாதம் வரை எளிதாகக் கழன்ற வளையல் கழலாது. மோதிரம் விரலைக் கவ்வும். கழுத்தில் சிரைகள் புடைத்து நிற்கும். நிமிர்ந்து உட்கார்ந்தாலும் அடங்காது. மார்பின் தோலில் இதற்குமுன் தெரியாத நீலக் கோடுகள் நெளிந்து தெரியும். குனிந்தால் தலை கனத்துக் கண் இருட்டும். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். உப்பு வாருகிறவருக்குக் குனியாமல் வேலை கிடையாது. வேலை முடிந்து வந்தவருக்குப் படுக்காமல் ஓய்வு கிடையாது. இந்த நோய் அந்த இரண்டையும் ஒரேயடியாகப் பறித்துக்கொள்கிறது.

இதற்கு மருத்துவர்கள் வைத்த பெயர் மேற்பெருஞ்சிரை அடைப்பு. இன்று இது வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு அடியில் இருப்பது புற்றுநோய். பலருக்குப் புற்றுநோய் இருப்பது தெரிய வருவதே இந்த வீக்கத்தால்தான்.

தலை, கழுத்து, கைகள், மேல்மார்பு ஆகிய இடங்களிலிருந்து திரும்பும் ரத்தம் முழுவதும் கடைசியில் ஒரே குழாயில் சேர்ந்து இதயத்தின் வலது மேலறையில் இறங்குகிறது. அந்தக் குழாய்தான் மேற்பெருஞ்சிரை. நீளம் 6 முதல் 8 சென்டிமீட்டர், அகலம் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர். இதயத்துக்குத் திரும்புகிற மொத்த ரத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு இதன் வழியாகப் போகிறது. இவ்வளவு பெரிய பொறுப்புள்ள குழாயின் சுவர் மிக மெல்லியது. தமனிக்குள் ரத்த அழுத்தம் 120 மில்லிமீட்டர் பாதரச அளவை ஒட்டி இருக்கும். இங்கே வெறும் 2 முதல் 8 வரை. பக்கத்திலிருந்து எது அழுத்தினாலும் எதிர்த்து நிற்க இதற்குத் தெம்பு இல்லை. அழுத்தக்கூடியவையோ சுற்றிலும் நிறைய இருக்கின்றன. முன்னால் மார்பெலும்பு, பின்னால் மூச்சுக்குழாய், பக்கத்தில் பெருந்தமனி, இவற்றுக்கு இடையே நிணநீர்க் கணுக்கள். வலது நுரையீரலின் மேற்பகுதியில் ஒரு கட்டி வளர்ந்தாலோ, அந்தக் கணுக்களில் புற்று பரவி அவை பெருத்தாலோ முதலில் நசுங்குவது இந்தச் சிரைதான்.

உப்பளத்துக்காரர்களுக்கு அடுத்து நடப்பதை விளக்கவே வேண்டாம். பெரிய வாய்க்காலின் மடை அடைத்துக்கொண்டால் நீர் சும்மா நிற்பதில்லை. மட்டம் ஏறும், வரப்பின் தாழ்ந்த இடங்களைத் தேடும், சின்ன வாய்க்கால்கள் வழியாகச் சுற்றிப் போகும். ரத்தமும் அப்படியே செய்கிறது. முதுகெலும்பை ஒட்டி ஓடும் அசைகஸ் சிரை, மார்பெலும்புக்குப் பின்னால் இறங்கும் சிரைகள், விலாப்புறத் தோலின் சிரைகள் என்று கிடைத்த வழியில் எல்லாம் புகுந்து, சில சமயம் வயிறுவரை இறங்கி, கீழ்ப்பெருஞ்சிரை வழியாக இதயத்தை அடைகிறது. மார்பில் தெரியும் நீலக் கோடுகள் அந்த மாற்றுப்பாதைகள்தான். அடைப்பு மெதுவாக வந்தால் மாற்றுப்பாதைகள் பெருக்க அவகாசம் கிடைக்கும். வீக்கம் குறைவாக இருக்கும். வேகமாக வந்தால் அவகாசம் இல்லை. சிரைக்குள் அழுத்தம் 20, 30, சில நேரம் 40 வரைகூட ஏறும். அந்த அழுத்தத்தில் ரத்தத்தின் நீர் திசுக்களுக்குள் கசிகிறது. முகம் உப்புவது கண்ணுக்குத் தெரியும். குரல்வளையும் மூளையும் வீங்குவது தெரியாது, ஆபத்து இருப்பது அங்கேதான்.

குழாயின் அகலத்துக்கும் ஓட்டத்துக்கும் உள்ள உறவை 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் புவாஸேய் அளந்து சொன்னார். அழுத்தம் மாறாமல் குழாயின் அகலம் பாதியானால் ஓட்டமும் பாதியாகக் குறையும் என்று நாம் நினைப்போம். உண்மையில் அது பதினாறில் ஒரு பங்காகிவிடும். நோயாளியை வாட்டுவதும் இந்தக் கணக்குதான், காப்பாற்றுவதும் இந்தக் கணக்குதான். நசுங்கிய சிரையைச் சில மில்லிமீட்டர் திறந்தால் போதும், ஓட்டம் பல மடங்கு கூடிவிடும்.

இந்த அடைப்பை முதலில் விவரித்தவர் லண்டனில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் ஹன்டர், ஆண்டு 1757. அவர் பார்த்த நோயாளிக்குப் புற்றுநோய் இல்லை. மேகநோயால் பெருந்தமனி புடைத்து, பக்கத்திலிருந்த சிரையை நசுக்கியிருந்தது. அதற்குப் பின் நீண்ட காலம் மேகநோயும் காசநோயும் இதன் முக்கியக் காரணங்களாக இருந்தன. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வந்தபின் அவை பின்னுக்குப் போயின. நுரையீரல் புற்று முன்னுக்கு வந்தது. அடுத்த இடத்தில் லிம்போமா என்கிற நிணநீர்ப் புற்று. கீமோவுக்காகவோ டயாலிசிஸுக்காகவோ கழுத்துச் சிரையில் வைக்கும் குழாய்கள், பேஸ்மேக்கர் கம்பிகள் ஆகியவற்றைச் சுற்றி ரத்தம் உறைந்து அடைப்பதும் இப்போது கூடி வருகிறது.

நம் நாட்டில் இதில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. பீடி குடிக்கும் ஒருவருக்கு நாள்பட்ட இருமல், எடை குறைவு, எக்ஸ்ரேயில் ஒரு நிழல் என்றால் காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் மருந்து கொடுப்பது இந்தியாவில் அடிக்கடி நடக்கிறது. காசநோய் இவ்வளவு பரவியுள்ள நாட்டில் அப்படி நினைப்பதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே முகமும் கழுத்தும் வீங்கினால் அந்த முடிவை அங்கேயே நிறுத்தி மறுபடி யோசிக்க வேண்டும். எக்ஸ்ரேயும், சிரையில் சாயம் செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேனும் விஷயத்தைச் சொல்லிவிடும்: எங்கே அடைப்பு, எவ்வளவு நீளம், உள்ளே ரத்தக்கட்டி இருக்கிறதா, எந்தப் பாதையில் ரத்தம் சுற்றிப் போகிறது என்பதெல்லாம்.

அதற்கடுத்த படி பயாப்ஸி, அதாவது திசு எடுத்துப் பார்ப்பது. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பதற்றத்தில் தவறுவது இதுதான். ஒருகாலத்தில் இந்த வீக்கத்தோடு வந்தவரை, எந்த வகைப் புற்று என்று பார்க்காமலேயே, அவசரமாகக் கதிர்வீச்சுக்கு அனுப்பினார்கள். 1980-களில் பழைய பதிவுகளைத் திரட்டிப் பார்த்தபோது, அடைப்பினால் மட்டுமே உடனடியாக உயிர் போவது மிக அரிது என்பது தெரிந்தது. பெரும்பாலானவர்களுக்கு நோயின் பெயரைக் கண்டுபிடிக்க ஓரிரு நாள் அவகாசம் உண்டு. அந்தப் பெயர்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இருபது வயதுப் பையனுக்கு மார்புக்குள் இருப்பது லிம்போமா என்றால் அது குணமாகக்கூடிய நோய். கீமோ தொடங்கிய சில நாட்களில் கட்டி சுருங்கத் தொடங்கும். சிரை தானே திறந்துகொள்ளும். சிரையைத் திறந்துவைக்க உள்ளே வைக்கும் ஸ்டென்ட் என்ற உலோகச் சட்டமே அவனுக்குப் பல சமயம் தேவைப்படாது. வீக்கம் வடியட்டும் என்று முதலிலேயே ஸ்டீராய்டு ஊசி போட்டுவிட்டால், லிம்போமா செல்கள் சிதைந்து பயாப்ஸி முடிவே தெளிவில்லாமல் போகலாம். மூச்சுக்கு ஆபத்து என்றால் ஒழிய, திசு எடுக்கும்வரை ஸ்டீராய்டைத் தள்ளிவைப்பதே நல்லது.

ஸ்டென்ட் யாருக்கு? மூச்சு இழுக்கும்போது சத்தம் வருகிறவர்கள், குழப்பமாகப் பேசுகிறவர்கள், மயங்கி விழுகிறவர்கள் காத்திருக்க முடியாது. மூச்சுவழியைக் காப்பாற்றிக்கொண்டு அடைப்பைத் திறப்பதுதான் முதல் வேலை; பயாப்ஸியைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். கீமோவுக்கும் கதிர்வீச்சுக்கும் மெதுவாகவே பணியும் புற்று உள்ளவர்கள், கொடுக்க வேண்டிய கதிர்வீச்சை ஏற்கெனவே வாங்கி முடித்தவர்கள், சிகிச்சைக்குப் பிறகும் அடைப்பு திரும்பி வந்தவர்கள் ஆகியோருக்கும் இதுவே சிறந்த வழி. 2008-இல் அமெரிக்க மருத்துவர்கள் குழு ஒன்று இந்த நோயின் தீவிரத்தைப் படிநிலைகளாகப் பிரித்து, எந்தப் படியில் அவசரம், எந்தப் படியில் பொறுமை என்று வகுத்தது. இன்றும் முடிவெடுக்க அது உதவுகிறது.

சிரைக்குள் உலோகச் சட்டம் வைத்துத் திறக்கும் யோசனை 1980-களில் ஹூஸ்டன் நகரின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மருத்துவமனையில் உருவானது. அங்கே பணியாற்றிய இத்தாலியரான சேசரே ஜியான்டுர்கோ, துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை வளைத்து வளைத்து மடித்து, சுருக்கி உள்ளே அனுப்பினால் தானே விரியும் ஒரு சட்டத்தைச் செய்திருந்தார். அதைப் பெருஞ்சிரைகளில் வைத்த முதல் அனுபவத்தை சார்ன்சங்காவேஜ் தலைமையிலான அந்த மருத்துவமனைக் குழு 1986-இல் வெளியிட்டது. அதுவரை கீமோவையும் கதிர்வீச்சையும் விட்டால், நெஞ்சைத் திறந்து தொடைச் சிரையை வெட்டி எடுத்துச் சுருட்டிப் புதுக் குழாய் தைக்கும் பெரிய அறுவைதான் மிச்சம். புற்றுநோயால் மெலிந்தவரிடம் அந்த அறுவையைப் பற்றிப் பேசவே மனம் வராது.

இன்று பயன்படுகிறவற்றில் பல நிட்டினால் என்ற உலோகக் கலவையால் ஆனவை. நிக்கலும் டைட்டேனியமும் ஏறக்குறையச் சரிபாதி. அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில், வில்லியம் ப்யூலர் என்பவர் முற்றிலும் வேறு நோக்கத்துக்காகத் தேடிக்கொண்டிருந்தபோது வெளிப்பட்ட உலோகம் இது. குளிர்வித்து நசுக்கி மெல்லிய உறைக்குள் அடைத்துவிடலாம். உடம்பின் சூட்டில் உறையை விலக்கியதும் பழகிய வடிவத்துக்கு விரிந்து, தொடர்ந்து வெளிநோக்கி அழுத்திக்கொண்டே இருக்கும். இதயத் தமனிக்கு வைக்கும் ஸ்டென்ட் 2.5 முதல் 4 மில்லிமீட்டர் அகலம்தான், பலூனால் விரிப்பது. பெருஞ்சிரைக்கு வைப்பது 12 முதல் 16 மில்லிமீட்டர், சில நேரம் அதற்கும் மேல். மூச்சுக்கு மூச்சு அசைகிற இடம் என்பதால் நசுங்கினாலும் மீண்டும் எழுகிற தன்மை அதற்கு வேண்டும்.

செய்முறையைக் கேட்டால் நோயாளிகளின் பயம் பாதி குறையும் என்பது என் நம்பிக்கை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பெரும்பாலும் முழு மயக்கம் கொடுப்பதில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறவர் என்பதால் தலைப்பக்கம் உயர்த்தியே வைத்திருப்பார்கள். தொடை இடுக்கில் தோலை மட்டும் மரக்கச் செய்து, அல்ட்ராசவுண்டு பார்த்துக்கொண்டே ஓர் ஊசியால் சிரையைத் தொடுவார்கள். ஊசிக்குள் மெல்லிய கம்பி, கம்பியின் மேல் குழாய். 1953-இல் ஸ்வீடன் மருத்துவர் செல்டிங்கர் கண்ட இந்த எளிய வழியின் மேல்தான் கத்தியில்லாத ரத்தக்குழாய் சிகிச்சை முழுவதும் நிற்கிறது. கம்பி கீழ்ப்பெருஞ்சிரை வழியாக ஏறி, இதயத்தின் வலது மேலறையைக் கடந்து, அடைப்பின் வாசலுக்கு வரும். சாயம் செலுத்தினால் திரையில் அடைப்பும், அதைச் சுற்றி வேர்போலப் பிரிந்து ஓடும் மாற்றுச் சிரைகளும் தெரியும். கம்பியை அடைப்பின் ஊடாகக் கடத்துவதுதான் கடினமான கட்டம். கீழிருந்து முடியாவிட்டால் கையிலோ கழுத்திலோ இன்னொரு ஊசி குத்தி மேலிருந்தும் முயல்வார்கள். கடந்துவிட்டால், தேவைக்கேற்பச் சிறு பலூனால் வழியைச் சற்று விரித்துவிட்டு ஸ்டென்ட்டைத் திறப்பார்கள். பலூன் விரியும் நொடிகளில் நெஞ்சில் ஓர் அழுத்தமும் வலியும் வரும்; உடனே போய்விடும்.

பிறகு மறுபடியும் சாயம் செலுத்திப் பார்க்கிறார்கள். சற்று முன்பு திரை முழுக்க நிறைந்திருந்த மாற்றுச் சிரைகள் இப்போது தெரியாது. எல்லா ரத்தமும் நேர்வழியில் இதயத்துக்குள் இறங்குகிறது. மேசையில் இருக்கும்போதே தலைக்கனம் குறைந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. முகவீக்கம் பெரும்பாலும் ஓரிரு நாளில் வடியும், கைவீக்கம் மூன்று நாட்களை ஒட்டி. கதிர்வீச்சில் இதே நிம்மதிக்கு ஒன்று முதல் இரண்டு வாரம், சில நேரம் அதற்கு மேலும் ஆகும். இரண்டு பக்கத்துக் கிளைச் சிரைகளும் அடைத்திருந்தாலும் பல சமயம் ஒரு பக்கத்தைத் திறந்தாலே போதும். கழுத்தின் குறுக்குச் சிரைகள் மறுபக்கத்து ரத்தத்தையும் கொண்டுவந்து சேர்த்துவிடும்.

எண்கள் என்ன சொல்கின்றன? நுரையீரல் புற்றால் வந்த அடைப்பைப் பற்றிய ஆய்வுகளை எல்லாம் ரோவெல், க்ளீசன் என்ற பிரிட்டன் மருத்துவர்கள் இருவர் திரட்டி 2002-இல் வெளியிட்டனர். கீமோ, கதிர்வீச்சு ஆகியவற்றால் சிறுசெல் வகையில் 77 சதவீதம் பேருக்கும், மற்ற வகையில் 60 சதவீதம் பேருக்கும் அடைப்பு நீங்கியது. ஸ்டென்ட் வைத்தவர்களில் 95 சதவீதம் பேருக்கு நீங்கியது. அதில் 11 சதவீதம் பேருக்கு அடைப்பு திரும்பியது. அவர்களிலும் பலருக்கு மீண்டும் திறக்க முடிந்தது. இவை நேருக்கு நேர் ஒப்பிட்ட சோதனைகளிலிருந்து வந்தவை அல்ல. பல மருத்துவமனைகள் தத்தம் நோயாளிகளைப் பற்றி எழுதியவற்றின் தொகுப்பு. எண்களைப் படிக்கும்போது அதை மறக்கக் கூடாது. ஜப்பானிய மருத்துவர்கள் ஸ்டென்ட் வைத்தவர்களையும் மருந்தால் மட்டும் ஆறுதல் தரப்பட்டவர்களையும் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டு 2019-இல் வெளியிட்ட முடிவும் ஸ்டென்ட்டுக்குச் சாதகமாகவே இருந்தது.

ஆபத்தே இல்லையா என்றால், உண்டு. ஸ்டென்ட் நகர்ந்து இதயத்துக்குள் போகலாம். அதற்குள் ரத்தம் உறையலாம். சிரையின் கீழ்ப்பகுதி இதய உறைக்குள் இருப்பதால், அங்கே கிழிந்தால் ரத்தம் இதயத்தைச் சுற்றித் தேங்கி அதை நெரிக்கும். உடனே வடிக்காவிட்டால் உயிர் போகும். தேங்கிய ரத்தம் திடீரென்று பாய்ந்து வருவதால் தளர்ந்த இதயம் திணறலாம். பெரிய சிக்கல்கள் நூற்றில் சிலருக்கே வருகின்றன, ஆனாலும் அவற்றைச் சமாளிக்கிற இடத்தில்தான் இதைச் செய்துகொள்ள வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க எந்த மருந்து, எத்தனை மாதம் என்பதில் மருத்துவர்களுக்குள் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. ஆளைப் பார்த்து முடிவு செய்கிறார்கள்.

புற்றுநோயை ஸ்டென்ட் தொடுவதில்லை. இந்த அடைப்பு வந்த பிறகு வாழ்நாள், பல ஆய்வுகளில், இடைநிலை அளவாக ஆறு மாதத்தை ஒட்டியே இருக்கிறது. நோயின் வகையைப் பொறுத்து மிகக் கூடவும் செய்யும். "ஆறு மாதத்துக்காக இவ்வளவு செலவா?" என்று குடும்பத்துக்குள்ளேயே யாராவது கேட்பார்கள். அந்த ஆறு மாதத்தையும் உட்கார்ந்தபடியே, கண் திறக்க முடியாத முகத்தோடு, மூச்சுக்கு ஏங்கிக்கொண்டு கழிப்பதா, அல்லது தலையணையில் தலை வைத்துத் தூங்கி, பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் கழிப்பதா என்பதுதான் இங்கே தேர்வு. எனக்கு இதில் இரண்டு எண்ணம் இல்லை. அத்தோடு, படுக்க முடிந்தால்தான் கதிர்வீச்சு மேசையில் படுக்க முடியும். கீமோவைத் தாங்கவும் தெம்பு வரும்.

மேலே நடப்பது கீழேயும் நடக்கும். வயிற்றிலோ இடுப்புக்கூட்டிலோ புற்று பரவி கீழ்ப்பெருஞ்சிரையையோ அதன் கிளைகளையோ நெரித்தால் கால்கள் வீங்கும். தமிழ்நாட்டுப் பெண்களைத் தாக்கும் முதன்மையான புற்றுகளில் கருப்பைவாய்ப் புற்றும் ஒன்று. அது முற்றினால் ஒரு காலில் மட்டும் வீக்கமும் இடுப்பிலிருந்து இறங்கும் வலியும் வரலாம். இந்தக் கடலோரத்தில் அதற்கு ஒரு தவறான பெயர் தயாராக இருக்கிறது: யானைக்கால். அந்த நோய் இங்கே பரவலாக இருந்தது உண்மைதான். 1975-இல் புதுச்சேரியில் தொடங்கிய நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆய்வு மையம் பல ஆண்டுகள் அதன் மேல் உழைத்திருக்கிறது. இன்று ஒரு பெண்ணுக்குப் புதிதாக ஒரு கால் வீங்கினால், யானைக்கால் என்று விட்டுவிடாமல் வயிற்றையும் இடுப்பையும் ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். அங்கேயும் தேர்ந்தெடுத்த சிலருக்கு ஸ்டென்ட் பலன் தரும்.

கூனிமேட்டுக்காரர்களுக்கு ஓர் அனுகூலம் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் புதுச்சேரி; அங்கே கோரிமேட்டில் ஜிப்மர், அதன் வளாகத்திலேயே மண்டலப் புற்றுநோய் மையம். விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி முண்டியம்பாக்கத்தில் இருக்கிறது. தகுதியுள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் உதவுகிறது. ஸ்டென்ட்டின் விலைதான் இதில் பெரும் செலவு. அதனால் எந்த மருத்துவமனையில், எந்தச் சிகிச்சைத் தொகுப்பின் கீழ் இது வரும் என்பதைக் காப்பீட்டு உதவி மேசையில் முன்னாலேயே கேட்டுவிட வேண்டும். இடையீட்டுக் கதிரியல் மருத்துவர் அந்த மருத்துவமனையில் இருக்கிறாரா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. தமிழில் பலருக்கு இன்னும் பழகாத பெயர் அது. கத்தியில்லாமல் ஊசித் துளை வழியாகச் செய்கிற இந்த வேலைகளுக்கென்றே பயின்றவர் அவர். சில இடங்களில் இதய மருத்துவர்கள் கேத்லேபில் இதைச் செய்கிறார்கள்.

பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேரும் முன் செய்யக்கூடியவையும் செய்யக் கூடாதவையும் உண்டு. தலையையும் மார்பையும் உயர்த்திச் சாய்ந்து உட்கார வையுங்கள், படுக்கச் சொல்லாதீர்கள். வீங்கிய கையில் டிரிப் ஏற்ற விடாதீர்கள். அந்தக் கையிலிருந்து ரத்தம் இதயத்துக்குப் போக வழி இல்லாதபோது ஏற்றுகிற நீர் வீக்கத்தைத்தான் கூட்டும். தேவைப்பட்டால் காலில் ஏற்றச் சொல்லுங்கள். மோதிரம், வளையல் ஆகியவற்றை இறுகும் முன் கழற்றிவிடுங்கள். முகம் வீங்கியிருக்கும்போதெல்லாம் காலையும் அழுத்திப் பாருங்கள். கால் வற்றியிருந்து, முகமும் கழுத்தும் மட்டும் வீங்கியிருந்தால், உப்பைக் குறைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். அன்றைக்கே மார்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.